வெயிலுக்கு வந்த அந்தூரியம்

அத்தியாயம் பதினான்கு

யூலியானா தாய்வீட்டுக்குப் போய் மூன்று கிழமையாகிவிட்டது. கோபித்துக்கொண்டு போனாள் என்று சொல்ல முடியாது. சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. உடுப்புப் பையைத் தோளில் கொளுவிக்கொண்டு, "மாமி, கொஞ்ச நாள் அம்மாவோட இருந்திட்டு வாறன்" என்றாள். கமலாசனி "ஓம் பிள்ளை" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. கேற் சாத்திய சத்தம் மட்டும் இன்னும் கமலாசனியின் காதுக்குள் கிடந்தது.

அதற்கு முந்தி நடந்ததை வட்டக்கச்சியில் அந்த வீட்டுக்காரர் எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முல்லைத்தீவுக் கரையில் தாயைப் பார்க்கப் போயிருந்த இடத்தில், ஏழாம் மாதத்தில், யூலியானாவின் வயிற்றுப்பிள்ளை அசைவதை நிறுத்திக்கொண்டது. பெண்பிள்ளை. அங்கேயே, அவளுடைய ஊர்த் தேவாலயத்துச் சேமக்காலையில் அடக்கம் நடந்தது. புருசன் விதுசன் போனான், மாமனார் தவராசா போனார். மாமியார் கமலாசனி போகவில்லை. கமலாசனியின் ஆட்கள் சைவம்; அவர்களில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. துடக்கு வீட்டைக் கழுவி, தண்ணீர் தெளித்து, ஆண்கள் திரும்பி வரும்வரை அடுப்பு மூட்டாமல் இருந்தாள். அது அவளுக்குத் தெரிந்த முறை.

இன்றைக்கு மருமகளைக் கூட்டிவரப் போகிறார்கள்.

"விதுசன் வாறானாமோ?" என்றார் தவராசா. முகச்சவரம் செய்துகொண்டிருந்தார்.

"போன் எடுத்தனான். கடையில லொறி வந்து நிக்குதாம். சாமான் இறக்கவேணுமாம். எங்களைப் போகட்டாம்."

விதுசனுக்கு வவுனியாவில் உழவு இயந்திர உதிரிப்பாகங்கள் விற்கும் கடையொன்றில் வேலை. ஞாயிறுகளில் வந்து போவான். காலையில் அவன் பேசும்போது போனுக்குள் ஒரே காற்று இரைந்தது. கடைக்குள்ளே இப்படியும் காற்று அடிக்குமோ என்று அவள் ஒருதரம் நினைத்தாள். கேட்கவில்லை. கேட்பது அந்த வீட்டுப் பழக்கமில்லை.

கேற்றடிக்குத் தண்ணீர் தெளிக்கப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

கேற்றின் வலப்பக்கத்தில் அவளுடைய கடதாசிப்பூ மரம். மீள்குடியேறி வந்த வருடம், வீடு இருந்த இடத்தில் ஒரு தறப்பாளைக் கட்டிவிட்டு, எங்கேயோ முறித்துவந்த தடி ஒன்றை ஊன்றினாள். குடிக்கவே தண்ணீர் இல்லாத காலம். அதற்கு யார் ஊற்றுவது? அது தானாகத் துளிர்த்து, கோடை முழுக்கக் காய்ந்து, ஒருநாள் இலையே தெரியாமல் பூத்தது. இப்போதும் சோளகக் காற்றில் கடும் ரோசா நிறத்தில் குலுங்கிக்கொண்டு நிற்கிறது.

அதன் காலடியில் மூன்று சாடிகளில் யூலியானாவின் அந்தூரியங்கள்.

கலியாணமாகி வந்தபோது அவள் கொண்டுவந்தவை. நாலு சாடி. கிணற்றடியில் பலாமரத்துக்குக் கீழே வைத்திருந்தாள். தினமும் அவற்றோடுதான் மினக்கெடுவாள். இலையைத் துணியால் துடைப்பாள். நல்ல கிணற்றுத் தண்ணீர் இருக்க, கூரைத் தண்ணீரை நீலப் பீப்பாவில் பிடித்து வைத்துத் தெளிப்பாள். கரையூர்ப் பெண்ணுக்கு வேலையில்லை என்று கமலாசனி நினைத்ததுண்டு.

அவள் போனபிறகு செடிகள் பூக்கவில்லை. திங்கட்கிழமை கமலாசனிக்கு ஒரு யோசனை வந்தது. கிணற்றடி இருட்டுக்குள் கிடந்தால் எப்படிப் பூக்கும்? வாசலுக்குக் கொண்டுவந்தால் வெயில் படும். யூலியானா வந்து இறங்கும்போது முதலில் கண்ணில் படுவது தன்னுடைய பூவாக இருக்கட்டும். சாடிகளைத் தூக்கப் போனபோது நாலில் ஒன்றைக் காணவில்லை. பக்கத்து வளவு இளையதம்பியின் பெண்சாதிக்கு அதில் வெகுநாளாக ஒரு கண். அவளாகத்தான் இருக்கும். அதைப் பிறகு பார்ப்போம் என்று மற்ற மூன்றையும் தூக்கி வந்தாள். தண்ணீரையும் குறைத்தாள்.

இரண்டாம் நாள் இலை மஞ்சளடித்தது. கடதாசிப்பூவும் பூக்கமுதல் இப்படித்தான் வாடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். பிறகு வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது. அதையும் பொறுத்தாள்.

இப்போது ஒரு இலையைத் தொட்டாள். பொரித்த அப்பளம்போல நொருங்கி விரலோடு வந்தது.

கொஞ்ச நேரம் கையில் ஒட்டிய தூளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டு சாடிகளை அவசரமாகக் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மூன்றாவதை ஒரு உரப்பைக்குள் வைத்துச் சுற்றினாள்.

"உதை ஏன் சுத்துறாய்?" என்றார் தவராசா.

"வழியில உடையார்கட்டில பூக்கன்று விக்கிற இடம் ஒண்டிருக்கெல்லே. இதைக் காட்டி இதைப்போல வேற வாங்குவம்."

"வாங்கி?"

"அவளுக்குத் தெரியாமல் சாடிக்க வைச்சிடலாம்."

தவராசா ஹெல்மெட்டை மாட்டினார். மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

*

பரந்தன் வீதிக்கு ஏறி விசுவமடு தாண்டினார்கள். கமலாசனி ஒருபக்கமாக இருந்து உரப்பையை மடியில் அணைத்திருந்தாள். ஹெல்மெட்டுக்குள் வேர்த்தது. மருமகளிடம் என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டே வந்தாள். "வா பிள்ளை, வீடு வெறிச்சோடிக் கிடக்கு" என்று தொடங்கலாம். அதற்கு அவள் "இல்லை மாமி" என்றுவிட்டால்? மூன்று கிழமை மூன்று மாதமாகும். பிறகு அவள் வரமாட்டாள். இப்படிப் போய் வராமலே போன பெண்களைக் கமலாசனி கண்டிருக்கிறாள்.

பூக்கன்று விற்கும் சிவனேஸ்வரியின் இடம் வீதியோரமாக, கறுப்பு வலையால் கூரை போட்டு, உள்ளே நுழைந்ததும் குளிர்ச்சியாக இருந்தது. சிவனேஸ்வரிக்கு நாற்பது வயதிருக்கும். வாய் ஓயாத மனுசி.

உரப்பையைத் திறந்து பார்த்தாள்.

"ஐயோ அக்கா. எங்க வைச்சனீங்கள் இதை?"

"கேற் வாசல்ல. கடதாசிப்பூவுக்குப் பக்கத்தில."

"நல்ல இடம்தான் பாத்தீங்கள். மீனைப் பிடிச்சு ஆட்டுக்கொட்டில்ல கட்டின மாதிரி."

தவராசா சிரிப்பை அடக்கிக்கொண்டு ரோசாக் கன்றுகளைப் பார்க்கப் போனார்.

"வெயிலுக்குத்தானே எல்லாம் பூக்கும்?" என்றாள் கமலாசனி. குரலில் கொஞ்சம் கடுப்பு இருந்தது. "என்ர கடதாசிப்பூவுக்கு நான் கோடையில ஒரு வாளி தண்ணி ஊத்தினது கிடையாது. வந்து பாருங்கோ பூவை."

"அது அந்தச் சாதி அக்கா. அதுக்கு இரக்கம் காட்டக்கூடாது. நிழல் விழுந்தால் பூக்காது. தண்ணி கூடினால் இலையும் முள்ளுமாத் தள்ளும். பசளை போட்டால் இன்னும் மோசம். வாட விடவேணும். பூத்து முடிய வெட்டவேணும். கல்லு மண்ணோ, உப்புக் காத்தோ, அது பாடு பாத்துக்கொண்டு நிக்கும்."

"பின்னே?"

"இது அப்படியில்லை. இதின்ர வேரைப் பாருங்கோ, வெளியில நிக்குது. காட்டு நிழலுக்க மரத்தைப் பிடிச்சுக்கொண்டு வளர்ந்த சாதி. வெறும் மண்ணில தாட்டால் மூச்சு முட்டும். தேங்காய்ப் பொச்சுத்துண்டு, அடுப்புக்கரி, உடைஞ்ச ஓடு, இதுகளுக்க வைக்கவேணும். காத்தும் போகவேணும், ஈரமும் நிக்கவேணும். வெளிச்சம் வேணும், வெயில் சுடக்கூடாது. எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்பு. அதையே நெடுக ஊத்தினால் நுனி கருகும். மழைத்தண்ணி எண்டால் திறம்."

நீலப் பீப்பா கமலாசனிக்கு ஞாபகம் வந்தது.

"அப்ப இது கரைச்சல் பிடிச்ச சாதி" என்றாள்.

"கரைச்சல் ஒண்டுமில்லை. ஆள் பக்கத்தில நிக்கவேணும். தனிய விட்டால் தாங்காது. அவ்வளவுதான்."

அதைச் சொல்லிவிட்டு சிவனேஸ்வரி தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு மறுபக்கம் போய்விட்டாள். கமலாசனி நின்ற இடத்தில் நின்றாள். தலைக்கு மேலே வலையில் காற்று உரசியது. இலைகளில் இருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியால் வந்தபிறகு யூலியானா ஒரு மாதத்துக்கு மேல் அந்த வீட்டில் இருந்தாள். கமலாசனி நேரத்துக்குச் சோறு கொடுத்தாள், மிளகு, மல்லி இடித்துச் சரக்குத் தண்ணீர் அவித்துக் கொடுத்தாள், ஒரு வேலையும் செய்ய விடவில்லை. பிள்ளையைப் பற்றி மட்டும் ஒரு சொல் எடுக்கவில்லை. அவளுடைய அறைப்பக்கம் போகும்போதுகூடக் காலடி கேட்காமல் போனாள். தொட்டால் வலிக்கும், விட்டால் ஆறும். அது இரக்கம் என்றுதான் நினைத்திருந்தாள். இப்போதும் அப்படித்தான் நினைக்க விரும்பினாள்.

"நானும் ஒண்டைப் பறிகொடுத்தவள்தானே" என்றாள், பக்கத்தில் வந்து நின்ற தவராசாவைப் பார்க்காமல். "கிளிநொச்சி இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில கொட்டிலுக்க இருந்த நேரம். என்னோட ஆர் இருந்து கதைச்சது? அடுத்த நாளே எழும்பி அடுப்பு மூட்டினனான். என்னைத் தனிய விட்டது எனக்கு நல்லதாப் போச்சு."

தவராசா ஹெல்மெட்டைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"மூட்டினனிதான்" என்றார். "கதைக்கேல்லை."

"என்ன?"

"பிள்ளை போனது புரட்டாதியில. தைப்பொங்கலண்டு விதுசன் தத்தித் தத்திப் போய்ப் பானையில கை வைக்கப் போனான். 'தள்ளி நில்லடா' எண்டு கத்தினாய். அதுதான் நீ கதைச்ச முதல் கதை. அதுவரைக்கும் வீட்டில உன்ர குரல் இல்லை."

"சும்மா கதையாதேங்கோ."

"மூச்சு வருதோ எண்டு நான் இரவில உன்ர மூக்கில கை வைச்சுப் பாக்கிறனான்."

கமலாசனிக்கு அது ஞாபகமில்லை. அடுப்பு ஞாபகம் இருந்தது. ஈர விறகின் புகை ஞாபகம் இருந்தது. கொட்டிலின் மறைப்பில் ஒரு ஓட்டை வழியாக வெளிச்சம் விழுந்து விழுந்து நகர்ந்தது ஞாபகம் இருந்தது. ஆனால் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தன்னுடைய வாயில் ஏதும் சொல் இருந்ததா என்று தேடினால், ஒன்றும் அகப்படவில்லை.

சிவனேஸ்வரி ஒரு அந்தூரியத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். செழிப்பான கன்று. இரத்தச் சிவப்பில் இரண்டு பூ.

"உங்கட நிறம் இளம் ரோசா எண்டால் இப்ப என்னட்ட இல்லை. இதைக் கொண்டுபோய் வையுங்கோ. ஆர் கவனிக்கப் போகினம்?"

கமலாசனி அந்தச் சிவப்பைப் பார்த்தாள். நல்ல வடிவுதான். பளபளவென்று, யாரோ மெழுகு பூசிவிட்டதுபோல.

"வேண்டாம்" என்றாள். "பொச்சுத்துண்டு மட்டும் ஒரு பை தாங்கோ."

உரப்பையைத் திரும்பக் கட்டினாள். மோட்டார் சைக்கிளை வீட்டுக்குத் திருப்பச் சொல்வாள் என்று நினைத்தாரோ என்னவோ, தவராசா அவளுடைய முகத்தையே பார்த்தார்.

"என்னத்தைப் பாக்கிறியள்? போவம்."

*

யூலியானாவின் வீடு கடலுக்குக் கிட்ட, மணல் ஒழுங்கையின் கடைசியில். முற்றத்தில் கட்டிய வலையொன்று காய்ந்துகொண்டிருந்தது. அவளுடைய தகப்பன் மத்தேயு விடியக் கடல்தொழிலால் திரும்பி வந்து படுத்திருந்தார். தாய் சூசையம்மா கதிரைகளைத் துடைத்துப் போட்டாள்.

"வாங்கோ சம்மந்தி" என்றாள். முகத்தில் சிரிப்பில்லை. "வெயிலுக்க வந்திருக்கிறியள். தேத்தண்ணி போடுறன்."

யூலியானா குசினியால் வெளியே வந்தாள். மெலிந்திருந்தாள். தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். மாமாவைப் பார்த்துத் தலையசைத்தாள். மாமியைப் பார்த்தாள், பிறகு மாமியின் மடியில் இருந்த உரப்பையைப் பார்த்தாள்.

வழியெல்லாம் அடுக்கி வைத்த பேச்சு கமலாசனிக்கு வரவில்லை. குனிந்து, உரப்பையை உரித்து, சாடியை நிலத்தில் வைத்தாள். இலைகளில் பாதி அங்கேயே கொட்டியது.

"நான்தான் வெயிலுக்க வைச்சனான்" என்றாள். "தண்ணியும் ஊத்தேல்லை. வாசல்ல நிண்டால் நீ வரேக்க வடிவா இருக்கும் எண்டு நினைச்சன்."

கடல் இரைந்தது. பக்கத்து வீட்டில் யாரோ கோழியை விரட்டினார்கள்.

சூசையம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "பூமரத்துக்கு எண்டால் உடனே பொட்டியைக் கட்டிக்கொண்டு வந்திட்டியள். என்ர பிள்ளை காய்ஞ்சுகொண்டு நிண்ட நேரம்…"

"அம்மா. தேத்தண்ணியைப் போடுங்கோ."

சூசையம்மா உள்ளே போனாள். யூலியானா மணலில் குந்தி, சாடியைத் தன் பக்கம் திருப்பினாள். விரலை ஓரமாக உள்ளே விட்டு, கரியையும் ஓட்டுத்துண்டையும் விலக்கி, வேரைக் கிள்ளிப் பார்த்தாள்.

"உள்ளுக்க வெள்ளையா இருக்கு" என்றாள். "சாகேல்லை மாமி. இலைதான் போயிற்றுது."

கத்தி எடுத்து வந்து கருகிய இலைகளை ஒவ்வொன்றாக அடியோடு வெட்டினாள். கமலாசனி கேட்கப்படாமலே குந்தி, சாடி ஆடாமல் பிடித்துக்கொண்டாள். ஒரேயொரு இலை, அதுவும் முளைத்து வந்த சுருள், மிஞ்சியது.

"நான் உங்களை முப்பத்தோராம் நாள் பூசைக்கு வரச்சொல்லிக் கேட்டனான்" என்றாள் யூலியானா. கத்தியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "'எங்கட பொம்பிளையள் சேமக்காலைக்குப் போறேல்லை' எண்டு நீங்கள் சொன்னீங்கள். சரி. அது உங்கட வழக்கம், நான் அதுக்குக் கோவிக்கேல்லை. ஆனால் அதுக்குப் பிறகு நீங்கள் ஒண்டுமே கேக்கேல்லை மாமி. ஒருநாளாவது கேக்கேல்லை. அவள் எப்பிடி இருந்தவள், ஆரைப்போல இருந்தவள் எண்டு. நான் தனிய இருந்து அவளை ஞாபகம் வைச்சிருக்கவேண்டிக் கிடந்தது."

கமலாசனியின் கை சாடியிலேயே இருந்தது.

"ஆரைப்போல இருந்தவள் பிள்ளை?"

யூலியானா நிமிர்ந்தாள். கண் நிரம்பிக்கிடந்தது. ஆனால் வாயோரத்தில் எங்கிருந்தோ ஒரு சின்னச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"மாமாவின்ர காது" என்றாள். "அப்பிடியே விரிஞ்சு."

கதிரையில் இருந்த தவராசா தன்னை அறியாமல் காதைத் தொட்டார். உடனே கையை எடுத்துக்கொண்டார்.

கமலாசனி புருசன் பக்கம் திரும்பினாள். "நீங்கள் கண்டனீங்கள்தானே. ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லை" என்றார் தவராசா. பிறகு, மணலைப் பார்த்துக்கொண்டு, "நானும் சொல்லேல்லை" என்றார்.

சூசையம்மா தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. தட்டை வைத்துவிட்டு, சாடியைத் தூக்கிக்கொண்டுபோய், குளிக்கும் இடத்துத் தென்னோலைக் கிடுகு மறைப்பின் நிழலில் வைத்தாள். தன்னுடைய சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"குடியுங்கோ சம்மந்தி. ஆறப்போகுது."

கமலாசனி தேநீரைக் குடித்து முடித்தாள். வா பிள்ளை, வீட்டுக்குப் போவம் என்று கேட்க வேண்டிய இடம் அது. தவராசாவும் அதற்காகத்தான் கதிரையில் முன்னுக்கு நகர்ந்து இருந்தார்.

"என்னை அங்க கூட்டிக்கொண்டு போறியே?" என்றாள் கமலாசனி.

"எங்க மாமி?"

"பிள்ளையிட்ட."

*

ஒழுங்கையால் இருவரும் நடந்தார்கள். தவராசா எழும்பப் பார்த்தார், சூசையம்மா "நீங்கள் இருங்கோ" என்று மறித்துவிட்டாள்.

உச்சி வெயில். மணலில் கால் புதைந்தது.

"அங்க எதை வைச்சாலும் நிக்குதில்லை" என்றாள் யூலியானா. "நித்தியகல்யாணிகூடக் காய்ஞ்சு போச்சு. உப்புக் காத்து. தண்ணி ஊத்தினால் மணல் குடிச்சிடும். நெடுக ஊத்த ஆளுமில்லை. உங்கட கடதாசிப்பூவில ஒரு கொப்புக் கேப்பம் எண்டு நினைச்சனான். அது எண்டால் நிக்கும்."

"கேட்டிருக்கலாமே."

"கேக்க வாய் வரேல்லை."

"வெட்டித் தாறன்" என்றாள் கமலாசனி. "விரல் மொத்தத்தில, முத்தின கொப்பா. வேர் பிடிக்குமட்டும் கொஞ்சம் ஈரம் வேணும். பிறகு அதை மறந்துபோய் விடலாம்." சொல்லிவிட்டு, அந்தக் கடைசிச் சொல்லையே நினைத்துக்கொண்டு கொஞ்சத் தூரம் நடந்தாள். "மரத்தை மறக்கலாம் எண்டு சொன்னனான்."

"விளங்குது மாமி."

சேமக்காலை தேவாலயத்துக்குப் பின்னால், பனைகளுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது. இரும்புக் கேற் திறந்து கிடந்தது. உள்ளே வெள்ளைச் சிலுவைகள் வெயிலில் கண்ணைக் கூசச் செய்தன.

கமலாசனி கேற்றடியில் நின்றாள். தாய் போனபோதும் தகப்பன் போனபோதும் அவள் வீட்டுப் படலைவரை மட்டும்தான் போனவள். அதற்கு மேல் ஒரு அடி வைத்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் செருப்பைக் கழற்றினாள்.

முன்னால் போன யூலியானா திரும்பிப் பார்த்தாள்.

"செருப்போட வாங்கோ மாமி. மண் சுடும்."

கமலாசனி செருப்பைத் திரும்பக் கொளுவினாள். உள்ளே கால் வைத்தாள்.

சின்னப்பிள்ளைகளின் வரிசை கடற்பக்கமாக இருந்தது. யூலியானா நேராக நடந்து போனவள், திடீரென்று நின்றாள். கமலாசனி அவளுடைய தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.

ஒரு முழ நீளமான மணல் மேடு. தலைமாட்டில் மரச் சிலுவை. அதற்குப் பக்கத்தில், கழுத்துவரை மணலில் புதைத்து, ஒரு சாடி. சாடியில் அந்தூரியம். பச்சைப் பசேலென்று இலை. நடுவில் இளம் ரோசா நிறத்தில் ஒரு பூ, புதிதாக விரிந்தது.

அதன்மேல் வெயில் விழவில்லை. நாலு தடியை நட்டு, ஒரு கிடுகைச் சரிவாகக் கட்டிப் பந்தல் போட்டிருந்தது. பச்சை நைலோன் கயிறு. நெல் மூட்டை கட்டும்போது போடுகிற இரட்டை முடிச்சு.

"நாலாவது சாடி" என்றாள் கமலாசனி. இளையதம்பியின் பெண்சாதியை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"நேற்றுப் பின்னேரம் நான் வந்தனான்" என்றாள் யூலியானா. "இது இருக்கேல்லை."

குந்தி, சாடிக்குள் கையை வைத்தாள். கை நனைந்து வந்தது.

போன ஞாயிறு விதுசன் வந்ததும், கிணற்றடியில் வெகுநேரம் தனியாகக் குந்தியிருந்ததும், தேநீர் போடமுன் பை ஒன்றோடு புறப்பட்டதும் கமலாசனிக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. காலையில் போனுக்குள் இரைந்த காற்று. இப்போது அதே காற்று அவளுடைய சீலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"லொறி இறக்கிறன் எண்டு சொன்னவன்" என்றாள்.

"எனக்கு அதையும் சொல்லேல்லை. இரண்டு கிழமையா ஒரு போனும் இல்லை." யூலியானா எழுந்து கையைப் பாவாடையில் துடைத்தாள். "பிள்ளை போனது அவருக்கு ஒண்டுமில்லை எண்டு நினைச்சுக்கொண்டுதான் நான் அந்த வீட்டால வெளிக்கிட்டனான் மாமி. உங்களால மட்டும் இல்லை. தாயும் மகனும் ஒரே அச்சு. பேசாமல் வந்து, பேசாமல் செய்துபோட்டுப் போறது."

மணலில் மோட்டார் சைக்கிள் போன தடம் தெரிந்தது. வீதியால் உள்ளே வந்திருந்தது. ஆனால் வீதிப்பக்கம் திரும்பிப் போகவில்லை. வேலியின் இடைவெளியால் கடற்கரைக்கு இறங்கியிருந்தது.

கமலாசனி கையால் வெயிலை மறைத்துப் பார்த்தாள். கரைக்கு ஏற்றிய படகுகளுக்கு அந்தப்பக்கம் ஒரு கறுப்பு மோட்டார் சைக்கிள் நின்றது. அதற்கப்பால் தண்ணீரைப் பார்த்தபடி ஒருவன் குந்தியிருந்தான். முதுகு மட்டும்தான் தெரிந்தது. பெற்றவளுக்கு முதுகு போதும்.

கூப்பிட வாய் எடுத்தாள். பிறகு மருமகளின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். அந்த முகத்தில் இருந்தது கோபமா, அழுகையா, இரண்டும் ஒன்றாகவா, அவளால் பிரிக்க முடியவில்லை.

அந்த நேரம் பெரிய காற்றொன்று அடித்தது. மணலில் நட்ட தடி ஒன்று பிடுங்குப்பட்டு, கிடுகு ஒருபக்கமாகச் சரிந்தது. வெயில் நேராகப் பூவில் விழுந்தது.

"பிடியுங்கோ மாமி" என்றாள் யூலியானா. "விடாதேங்கோ, நான் வருமட்டும்."

வேலி இடைவெளியால் இறங்கிக் கடற்கரை மணலில் நடந்தாள். வேகமாக நடக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

கமலாசனி இரண்டு கையாலும் கிடுகைத் தூக்கிப் பிடித்தாள். அது நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. காற்றுக்கு இழுத்தது. வெயில் அவளுடைய உச்சந்தலையிலும் கழுத்திலும் இறங்கியது. நிழல் சாடியை விட்டு நகராதபடிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலை மாற்றி மாற்றி வைத்து, மணல் மேட்டுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றாள்.